உயர்நிலைப் பள்ளியில் மாணவர் மன்றம்: ஜூனில் தொடங்கி மார்ச் வரை நடத்துவது எப்படி?

"இந்த வருஷம் மன்றப் பொறுப்பை நீங்க பாத்துக்குங்க டீச்சர்" என்று தலைமையாசிரியர் சொல்லிவிட்டுப் போன பிறகு, ஸ்டாஃப் ரூமில் அந்தச் சுற்றறிக்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருப்பவருக்காக இதை எழுதுகிறேன். ஆறு முதல் பத்து வரை உள்ள அரசு உயர்நிலைப் பள்ளியை மனத்தில் வைத்தே சொல்கிறேன். நான் அறிவியல் ஆசிரியை.

நான் நடத்திய முதல் மன்றத்தின் தொடக்க விழாவுக்கு 140 பேர் வந்தார்கள். சிறப்பு விருந்தினர், சால்வை, சுண்டல் எல்லாம் உண்டு. ஆயுத பூஜை விடுமுறை முடிந்து வந்தபோது மன்றத்தில் நான் மட்டும்தான் மிச்சம். பிள்ளைகளுக்கு ஆர்வம் குறைந்ததாகத்தான் அப்போது நினைத்தேன். அப்படியில்லை, வரிசைதான் தப்பு. விழாவை முதலில் நடத்திவிட்டு, என்ன வேலை கொடுப்பது என்று பிறகு யோசித்திருக்கிறேன். அதற்கப்புறம் புதிதாகப் பொறுப்பேற்றவர்கள் பலரும் அதே இடத்தில் தடுக்கி விழுவதைப் பார்த்துவிட்டேன். கீழே உள்ள வரிசையில் தொடக்க விழா எங்கே வருகிறது என்பதைக் கவனியுங்கள்.

1. பாடவேளையை வாங்குங்கள்

முதல் வேலை கால அட்டவணையில் ஓர் இடம் பிடிப்பது. மாலையில் மணி அடித்த பிறகு நடத்தலாம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். பக்கத்து ஊர்ப் பிள்ளைகளுக்கு நகரப் பேருந்து ஒன்றுதான் இருக்கும். அதை விட்டால் அடுத்தது இருட்டிய பிறகு. மாலையில் கூடும் மன்றம் உள்ளூர்ப் பையன்களின் மன்றமாகச் சுருங்கிவிடும். பெண் பிள்ளைகள் இரண்டாவது வாரமே நின்றுவிடுவார்கள்.

மதிய இடைவேளையும் ஆகாது. சத்துணவு வரிசை, தட்டுக் கழுவும் குழாயடி எல்லாம் போக மிஞ்சும் பத்து நிமிடம் அவர்களுடையது. அதில் கை வைக்காதீர்கள்.

வாரத்துக்கு ஒன்றோ இரண்டு வாரத்துக்கு ஒன்றோ, எல்லா வகுப்புக்கும் ஒரே நேரத்தில் வருகிற பாடவேளையாகக் கேளுங்கள். வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையைத்தான் முதலில் நீட்டுவார்கள். வாங்காதீர்கள். பள்ளியில் எந்தக் கூட்டம், எந்த விழா, எந்தத் துப்புரவுப் பணி வந்தாலும் முதலில் காவு போவது அந்த நேரம்தான். விடுதிப் பிள்ளைகள் ஊருக்குக் கிளம்பும் நேரமும் அதுவே. புதன் ஆறாவது பாடவேளை கிடைத்தால் பிடித்துக்கொள்ளுங்கள்.

பி.இ.டி. பீரியடைக் கொடுக்கிறேன் என்றாலும் மறுத்துவிடுங்கள். விளையாட்டு நேரத்தைத் தின்ற மன்றத்தை எந்தப் பிள்ளையும் மன்னிக்காது.

வாய்மொழி அனுமதி ஒரு மாதம்கூடத் தாங்காது. ஸ்டாஃப் ரூம் சுவரில் ஒட்டிய அட்டவணையில் "மன்றம்" என்ற சொல் எழுதப்பட்ட பிறகுதான் அடுத்த படி.

2. ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று எண்ணுங்கள்

புதுப் பெயரில் புது மன்றம் தொடங்கும் ஆசை எல்லோருக்கும் வரும். அதற்கு முன் பழைய பதிவேடுகளைப் புரட்டுங்கள். இலக்கிய மன்றம், வினாடி வினா மன்றம், சிறார் திரைப்படம், தேசிய பசுமைப் படை, ஜே.ஆர்.சி. (இளஞ்செஞ்சிலுவைச் சங்கம்), சாரணர், நுகர்வோர் மன்றம் என்று காகிதத்தில் ஏழெட்டாவது இருக்கும். 2022 நவம்பரில் வந்த வானவில் மன்றம் ஆறு முதல் எட்டு வரை உள்ளவர்களுக்கு அறிவியல், கணிதச் சோதனைகளைச் செய்துகாட்டுவது. அதற்கென்று கருத்தாளர்களும் பள்ளிக்கு வருவார்கள். போதாக்குறைக்கு குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று, பள்ளிப் பிள்ளைகளை அணிகளாகப் பிரிக்கும் மகிழ் முற்றம் திட்டத்தின் ஐந்து அணிகளும் இருக்கின்றன.

எல்லாப் பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே இருபது பேரின் பெயர்தான் எல்லாவற்றிலும் இருக்கும்.

இரண்டை மட்டும் உண்மையாக நடத்துங்கள் என்பேன். மற்றவற்றுக்கான சுற்றறிக்கை வரும்போது அதற்குரியதை மட்டும் செய்தால் போதும். எந்த இரண்டு என்பதை உங்கள் விருப்பத்தோடு பள்ளி வளாகத்தையும் பார்த்து முடிவு செய்யுங்கள். வேம்பும் புங்கையும் நிற்கிற வளாகமானால் பசுமைப் படை. மரமே இல்லாமல் சுற்றுச்சுவர் மட்டும் நீளமாக இருந்தால் இலக்கிய மன்றமும் சுவரிதழும்.

பெயரை மாற்றாதீர்கள். கடிதமும் போட்டி அறிவிப்பும் பழைய பெயருக்குத்தான் வரும். "சிறகுகள்" என்று அழகாகப் பெயர் வைத்துவிட்டு, பசுமைப் படைக்கு வந்த கடிதத்தை யாருக்கோ என்று ஒதுக்கிவைத்த பள்ளியை எனக்குத் தெரியும்.

3. முன்கூட்டியே கையில் இருக்க வேண்டியவை

மூன்று நோட்டு: வருகைக்கு ஒன்று, கூட்டக் குறிப்புக்கு ஒன்று, வரவு செலவுக்கு ஒன்று. ஒரே நோட்டில் மூன்றையும் எழுதினால் அந்த நோட்டு எப்போதும் உங்கள் மேசையிலேயே கிடக்கும். தனித்தனியாக இருந்தால் மூன்று பிள்ளைகளிடம் மூன்று பொறுப்பைக் கொடுக்கலாம்.

பூட்டுள்ள ஒரு டிரங்குப் பெட்டி. ஸ்கெட்ச் பேனாவும் கத்தரிக்கோலும் ஒரு வாரத்தில் காணாமல் போய்விடும், அதற்குத்தான் பூட்டு.

சுவரில் நான்கடிக்கு மூன்றடி இடம். தண்ணீர்த் தொட்டிப் பக்கமாக இருந்தால் நல்லது, எல்லோரும் நின்று பார்க்கிற இடம் அது. தலைமையாசிரியர் அறை வாசல் வேண்டாம். அங்கே யாரும் நிற்க மாட்டார்கள்.

இன்னோர் ஆசிரியர். நீங்கள் பயிற்சிக்குப் போகும் நாளில் மன்றம் நடக்க வேண்டுமே.

4. ஆள் சேர்ப்பது

காலை வழிபாட்டுக் கூட்டத்தில் "விருப்பம் உள்ளவங்க கை தூக்குங்க" என்று கேட்காதீர்கள். பக்கத்தில் நிற்பவன் தூக்கினான் என்று நூறு கை எழும். எனக்கு 140 பேர் சேர்ந்தது அப்படித்தான்.

வகுப்பு வகுப்பாகப் போய்த் துண்டுச் சீட்டுக் கொடுங்கள். அதில் இரண்டே கேள்விகள்: எதைச் செய்ய ஆசை? எதைச் செய்யச் சொன்னால் ஓடிவிடுவாய்? முதல் கேள்விக்கு எல்லோரும் பாட்டு, டான்ஸ், மரம் வளர்ப்பு என்றுதான் எழுதுவார்கள். இரண்டாவதில்தான் ஆளைப் பிடிக்கலாம். எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுதிக் கொடுத்த சீட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது: "மேடைல பேச சொன்னா ஓடிருவேன். ஆனா மைக் செட் கனெக்சன் குடுக்க தெரியும்." அந்த ஆண்டு எங்கள் கூட்டம் ஒன்றில்கூட ஒலிபெருக்கி கிய்யென்று கத்தவில்லை.

இருபத்தைந்திலிருந்து முப்பது பேர் போதும். அதற்கு மேல் போனால் பின்வரிசை உருவாகிவிடும். பின்வரிசை உருவான இடம் வகுப்பறைதான். எட்டிலும் ஒன்பதிலும் பாதிப் பேர், ஆறிலும் ஏழிலும் மீதி என்று எடுங்கள். பத்தாம் வகுப்பை இழுக்காதீர்கள். அரையாண்டுக்குப் பிறகு அவர்கள் சிறப்பு வகுப்புக்குள் போய்விடுவார்கள். அவர்களை நம்பி ஏற்றிய பாரத்தை நடுவழியில் இறக்க வேண்டிவரும்.

முதல் ரேங்க் வாங்குபவர்களை மட்டும் பொறுக்காதீர்கள். அவர்களுக்கு ஏற்கெனவே நான்கு பொறுப்பு இருக்கிறது.

5. முதல் மூன்று கூட்டங்கள்

இங்கேயும் விழா கிடையாது. முதல் கூட்டத்தில் உங்கள் பேச்சு ஐந்து நிமிடத்தைத் தாண்டக்கூடாது. மன்றம் என்றால் என்ன என்று விளக்காமல், கையில் ஒரு வேலையைக் கொடுத்துவிடுங்கள்.

இலக்கிய மன்றத்துக்கு நான் கொடுக்கும் முதல் வேலை இது. வீடு பெருக்குகிற சாமானை உங்கள் வீட்டில் என்ன சொல்வார்கள், பாட்டி என்ன சொல்வார், ஒரு சீட்டில் எழுது. துடைப்பம், விளக்குமாறு, சீமாறு, வாரியல், பெருக்குமாறு என்று ஒரே அறையில் ஐந்து சொல் கிடைக்கும். "வாரியலா?" என்று சிரித்தவர்களைப் பார்த்து, நாகர்கோவிலிலிருந்து மாறி வந்த ஏழாம் வகுப்புப் பெண், "எங்க ஊர்ல வந்து சீமாறுன்னு சொல்லிப் பாருங்க, அங்க உங்களப் பாத்து சிரிப்பாங்க" என்றாள். அன்றைக்கு மன்றத்தைத் தொடங்கிவைத்தது அவள்தான்.

இரண்டாவது கூட்டத்தில் ஐந்தைந்து பேராகப் பிரித்து, ஒரு குழுவுக்கு ஒரு பொருள் கொடுத்து அதே வேலையை விரியுங்கள். பிரிக்கும்போது வகுப்புகளைக் கலக்குங்கள். ஒரே வகுப்புக் குழு என்றால் வகுப்பில் நடக்கும் சண்டை அப்படியே இங்கே வந்து உட்காரும்.

மூன்றாவது கூட்டத்தில் சேர்ந்ததை ஒரு சார்ட்டில் எழுதிச் சுவரில் ஒட்டிவிட வேண்டும். மூன்று கூட்டத்துக்குள் கண்ணுக்குத் தெரிகிற ஒன்று வராவிட்டால், மற்ற ஆசிரியர்கள் "அந்தப் பீரியட சும்மாதான போக்குறீங்க, போர்ஷன் முடிக்கணும், குடுங்களேன்" என்று கேட்க ஆரம்பிப்பார்கள். அந்தச் சார்ட்தான் உங்கள் பாடவேளைக்குக் காவல்.

நாற்பது நிமிடத்தை இப்படி வெட்டுங்கள்: வருகையும் போன கூட்டக் குறிப்பை வாசிப்பதும் 5, வேலை 25, குழுக்கள் சொல்வது 5, குறிப்பு எழுதுவது 5. கடைசி ஐந்து நிமிடம் ஒவ்வொரு முறையும் காணாமல் போகும். அதற்காகவே கடிகாரம் கட்டிய ஒரு பிள்ளையை நியமித்து, நீங்கள் பேசிக்கொண்டிருந்தாலும் நிறுத்தச் சொல்லும் உரிமையைக் கொடுங்கள். எனக்கு அப்படிக் கிடைத்த ஆறாம் வகுப்புக்காரி சற்றும் இரக்கம் இல்லாதவள்.

6. பொறுப்பாளர்களை நான்காவது கூட்டத்தில் தேர்ந்தெடுங்கள்

முதல் கூட்டத்திலேயே செயலரைத் தேர்ந்தெடுத்தால் பிரபலமானவன் வருவான். மூன்று கூட்டம் சேர்ந்து வேலை பார்த்த பிறகு கேட்டால், வேலை செய்தவர் யார் என்று பிள்ளைகளுக்கே தெரிந்திருக்கும்.

கை தூக்கும் வாக்கெடுப்பு வேண்டாம், சீட்டுப் போடுங்கள். கை தூக்கச் சொன்னால் சின்ன வகுப்புப் பிள்ளைகள் அண்ணன் முகத்தைப் பார்த்துத்தான் தூக்குவார்கள்.

செயலர் ஒன்பதாம் வகுப்பு, துணைச் செயலர் எட்டாம் வகுப்பு. இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். இருவரும் ஒன்பதாம் வகுப்பாக இருந்தால், அடுத்த ஜூனில் மன்றம் எப்படி நடந்தது என்று தெரிந்த ஒருவரும் பொறுப்பில் இருக்க மாட்டார்கள்.

குறிப்பாளர், பொருளாளர், சாமான் பொறுப்பு என்று இன்னும் மூவர். கையெழுத்து அழகாக இருக்கிறது என்று ஒரு பெண் பிள்ளையைக் குறிப்பு எழுத வைத்துவிட்டு, மைக்கையும் பெட்டிச் சாவியையும் பையன்களிடம் கொடுப்பது கை தானாகச் செய்துவிடும் தவறு. நானும் செய்திருக்கிறேன். காலாண்டுக்குப் பிறகு இந்த மூன்று பொறுப்பையும் மாற்றுங்கள்.

தொடக்க விழா வைக்க ஆசையிருந்தால் இப்போது வையுங்கள். காட்டுவதற்குச் சார்ட் இருக்கிறது, பேசுவதற்குச் செயலர் இருக்கிறார்.

7. ஆண்டுத் திட்டம்: முதலில் தேர்வுகளைக் குறியுங்கள்

நாட்காட்டியை எடுத்துச் செப்டம்பர் காலாண்டு, டிசம்பர் அரையாண்டு இரண்டையும் சிவப்பில் வட்டமிடுங்கள். ஒவ்வொன்றுக்கும் முந்தைய இரண்டு வாரத்தையும் அடித்துவிடுங்கள். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை மழை விடுமுறை எப்போது வரும் என்று சொல்ல முடியாது. மார்ச்சில் பொதுத் தேர்வுக்கு அறைகள் போய்விடும். இரண்டு வாரத்துக்கு ஒரு கூட்டம் என்றால் ஆண்டுக்குப் பன்னிரண்டு கிடைத்தாலே பெரிது.

அதனால் தினங்களைக் கொண்டாடும் மன்றமாக்கிவிடாதீர்கள். உலக நீர் தினம், புவி தினம், ஓசோன் தினம் என்று பட்டியல் முடிவில்லாதது. தினத்துக்கு ஒரு உறுதிமொழி, ஒரு புகைப்படம், பதிவேற்றம், முடிந்தது. போட்டோ எடுக்கப் பிள்ளைகளைச் சரியாக நிற்க வைப்பதிலேயே பாடவேளை தீர்ந்துபோனதைப் பார்த்திருக்கிறேன்.

பருவத்துக்கு ஒரு வேலை என்று மூன்றை மட்டும் எடுங்கள். முதல் பருவத்தில் அளப்பது, இரண்டாவதில் சேகரிப்பது, மூன்றாவதில் காட்டுவது என்று நான் வைத்துக்கொள்கிறேன். நாள் ஒன்றோடு இணைத்தால், அந்த நாளுக்கு முன்னும் பின்னும் வேலை இருக்கிறதா என்று பாருங்கள். நவம்பர் 12, பறவையியலாளர் சாலிம் அலி பிறந்த நாளில் பறவை பார்க்கத் தொடங்கினால், சனவரியில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்புக்குள் பிள்ளைகளுக்குப் பத்துப் பதினைந்து பறவையாவது அடையாளம் தெரிந்திருக்கும். அதற்குக் குறைந்தது 15 நிமிடம் ஓரிடத்தில் நின்று எண்ணினால் போதும், பொங்கல் விடுமுறையில் வீட்டு வாசலிலேயே செய்யலாம். பிப்ரவரி 28 தேசிய அறிவியல் நாளில் அதையே சுவரில் காட்டலாம்.

8. ஒரு செயல்பாடு, முழுதாக: நிழலில்லா நாள்

ஒரு வேலையை எவ்வளவு நுணுக்கமாகத் திட்டமிட வேண்டும் என்பதற்கு இதை எடுத்துக்கொள்கிறேன். செலவு கிட்டத்தட்ட இல்லை, தவறுவதற்கு இடமோ நிறைய.

நம் ஊர்களில் ஆண்டுக்கு இரண்டு நாள் நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வரும், செங்குத்தாக நிற்கும் பொருளின் நிழல் அதன் காலடிக்குள் ஒளிந்துவிடும். ஒன்று ஏப்ரலில் வருகிறது, அப்போது ஆண்டுத் தேர்வு நேரம். நமக்கு வேண்டியது இன்னொன்று: சென்னைக்கு ஆகஸ்ட் 18ஐ ஒட்டி, திருச்சிக்கு 25ஐ ஒட்டி, கன்னியாகுமரிக்கு செப்டம்பர் 1ஐ ஒட்டி. தெற்கே போகப் போக நாள் தள்ளும்.

அ) இரண்டு வாரம் முன்பே தொடங்குங்கள். அந்த ஒரு நாள் மட்டும் பிள்ளைகளைக் கூட்டிப்போனால் பார்ப்பதற்கு ஒன்றும் இருக்காது. நிழல் இல்லை, அவ்வளவுதானே! தினமும் அளந்து வந்தவர்களுக்குத்தான் அது செய்தி. ஒரு மீட்டர் குச்சியின் நிழல் இரண்டு வாரம் முன்பு எட்டு சென்டிமீட்டர் அளவில் இருக்கும், நாளுக்கு அரை சென்டிமீட்டருக்குச் சற்று மேல் குறைந்துகொண்டே வரும். அந்தக் குறுகிய நிழல் தெற்குப் பக்கம் விழும். நிழலில்லா நாள் தாண்டியதும் வடக்குப் பக்கம் போய்விடும். "மிஸ், நிழல் கட்சி மாறிடுச்சு" என்று ஓடி வந்து சொன்னார்கள். அதற்காகத்தான் பின்னும் நான்கு நாள் அளக்கச் சொல்கிறேன்.

ஆ) மணி 12ஐ நம்பாதீர்கள். புதியவர்கள் எல்லோரும் ஏமாறும் இடம் இது. நாம் வைத்திருக்கும் கடிகார நேரம் 82.5 டிகிரி கிழக்கு நெடுங்கோட்டுக்கு உரியது, தமிழ்நாடு அதற்கு மேற்கே இருக்கிறது. ஆகவே உச்சிப் பொழுது தாமதமாக வரும். அந்த நாட்களில் சென்னையில் 12.13, திருச்சியில் 12.17, கோவையில் 12.24 அளவில். முதல் ஆண்டு நான் சரியாக 12 மணிக்கு மொத்தப் பள்ளியையும் மைதானத்தில் நிறுத்தினேன். குச்சியின் நிழல் ஏழு சென்டிமீட்டருக்குக் கிழக்கே பார்த்துக்கொண்டு... இல்லை, மேற்கே. எனக்கே அன்று திசை குழம்பியது. ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு எல்லோரும் கலைந்துபோனார்கள். நிழல் மறைந்தபோது மைதானத்தில் இரண்டே பேர்.

12.05இலிருந்து 12.35 வரை, இரண்டு நிமிடத்துக்கு ஒரு புள்ளி வையுங்கள். மிகக் குட்டையான நிழல் எந்தப் புள்ளியில் வருகிறதோ அதுதான் உங்கள் ஊரின் நண்பகல்.

இ) குச்சி செங்குத்தாக நிற்க வேண்டும். ஒரு டிகிரி சாய்ந்தாலே மீட்டர் குச்சியின் நிழல் ஒன்றே முக்கால் சென்டிமீட்டர் தள்ளிப்போகும், மூன்று நாள் அளவு அதிலேயே அடிபடும். நூலில் ஒரு நட்டைக் கட்டித் தூக்குக் குண்டாகத் தொங்கவிட்டு, இரண்டு பக்கமும் பார்த்து நிமிர்த்துங்கள். தரைக்கு கேரம் போர்டு நல்லது. அதன் நான்கு மூலையிலும் ஒரு கோலிக்குண்டை வைத்துப் பாருங்கள், உருளாவிட்டால் சமம்.

ஈ) ஐந்து வேலை, ஐந்து பேர். குச்சியைப் பார்ப்பவர், மணி சொல்பவர், புள்ளி வைப்பவர், எழுதுபவர், சுற்றி நிற்கும் சின்னப் பிள்ளைகளுக்கு விளக்குபவர். ஐந்தாவது ஆள் இல்லாவிட்டால் நான்கு பேர் தலையும் குச்சிமேல் நிழல் போட்டுக்கொண்டிருக்கும். நிமிர்ந்து சூரியனைப் பார்க்கக்கூடாது என்று சொல்வதும் அவர் வேலை.

உ) மேகம் வந்தால் கைவிடாதீர்கள். முன்னும் பின்னும் இரண்டு நாள் வரை மீட்டர் குச்சியின் நிழல் ஒன்றரை சென்டிமீட்டரைத் தாண்டாது. எவர்சில்வர் டம்ளரை வைத்தால் அன்றும் நிழல் காணாதது போலவே இருக்கும்.

ஊ) மறுகூட்டத்தில் வரைபடத் தாளில் நாளும் நிழலும் வரையுங்கள். கணக்கு ஆசிரியரை இங்கே இழுங்கள். வடக்கிலோ தெற்கிலோ தொலைவில் ஒரு பள்ளியில் அதே நாளில் அளந்து போனில் சொன்னால், பூமியின் சுற்றளவையே கணக்கிடலாம். சென்னைக்கும் கன்னியாகுமரிக்கும் கோணம் 5 டிகிரி வித்தியாசம், வடக்கு தெற்காகத் தூரம் சுமார் 555 கி.மீ. முழு வட்டமான 360 டிகிரியில் 5 டிகிரி 72 முறை அடங்கும், ஆகவே தூரத்தை 72ஆல் பெருக்கினால் 40,000ஐ ஒட்டி வரும். தூரத்தை நிலப்படத்தில் நேர் வடக்கு தெற்காக அளக்கச் சொல்லுங்கள், ஊருக்கு ஊர் சாய்வாக வேண்டாம். எங்கள் பிள்ளைகள் பஸ் டிக்கெட்டில் போட்டிருந்த கிலோமீட்டரை வைத்துப் பெருக்கிப் பூமியை நன்றாகப் பெருக்க வைத்துவிட்டார்கள்.

9. வெளியே அழைத்துப்போகும்போது

ஏரிக்கரை பக்கத்துத் தெருவில்தான் இருந்தாலும் பள்ளிக் கேட்டைத் தாண்டினால் எழுத்து அனுமதி வேண்டும். தலைமையாசிரியரிடம் ஒன்று, ஒவ்வொரு பெற்றோரிடமும் ஒன்று. பெற்றோர் சீட்டில் இடம், கிளம்பும் நேரம், திரும்பும் நேரம் மூன்றும் இருக்க வேண்டும். "சுற்றுலா" என்று எழுதாதீர்கள், காசு எவ்வளவு என்று கேட்டு வந்துவிடுவார்கள்.

பெண் பிள்ளைகள் இருந்தால் கட்டாயம் ஓர் ஆசிரியை கூட வர வேண்டும். கிளம்பும்போது, போய்ச் சேர்ந்ததும், திரும்பும்போது, பள்ளிக்கு வந்ததும் என நான்கு முறை பெயர் வாசியுங்கள். தலையை எண்ணினால் போதாது. ஒருமுறை எங்கள் எண்ணிக்கை சரியாக இருந்தது, ஏரிக்கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பையனையும் சேர்த்து. எங்கள் பையன் ஒருவன் பம்ப்செட்டில் குளித்துக்கொண்டிருந்தான்.

நீர்நிலை ஓரம் என்றால் கரையில் ஒரு கோடு போட்டு, அதைத் தாண்டினால் நிகழ்ச்சி அங்கேயே முடிந்தது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். சொன்னபடி முடிக்கவும் தயாராக இருங்கள்.

10. போட்டிகள்

அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான கலைத் திருவிழா பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று ஏறும். திங்கட்கிழமைப் போட்டிக்கு வியாழக்கிழமை சுற்றறிக்கை வரும் என்பதை எழுதிவைத்துக்கொள்ளுங்கள். யாருக்கு எது வரும் என்ற பட்டியல் ஜூலையிலேயே தயாராக இருந்தால் பதறவேண்டாம். அந்தத் துண்டுச் சீட்டுகளைத் தூக்கி எறியாதீர்கள் என்பதும் இதற்காகத்தான்.

பிள்ளைகளின் புதிய அறிவியல் யோசனைகளுக்கான இன்ஸ்பயர் மானக் விருதுக்கு ஒரு பள்ளியிலிருந்து ஐந்து யோசனைகள் வரை அனுப்பலாம். தேர்வானால் பிள்ளையின் வங்கிக் கணக்குக்கே ரூ.10,000 வரும். யோசனை எழுதுவதைவிட இந்தக் கணக்குதான் கழுத்தைப் பிடிக்கும். ஆதாரில் ஒரு எழுத்து, பள்ளிப் பதிவில் ஒரு எழுத்து, பாஸ்புக்கில் இனிஷியல் இடம் மாறியிருக்கும். ஜூனிலேயே சரிபார்த்துவிடுங்கள்.

குழந்தைகள் அறிவியல் மாநாடு 10 முதல் 17 வயது வரை உள்ளவர்களுக்கு. கடையில் வாங்கி ஒட்டிய தெர்மாகோல் மாதிரி அங்கே எடுபடாது, பிள்ளைகள் தாங்களே தங்கள் ஊரில் அளந்து சேகரித்த தரவு வேண்டும். நிழல் அளந்து பழகிய குழுவுக்கு இது வேறு வேலையாகத் தெரியாது.

போட்டிக்கு இரண்டு பேர் போகிறார்கள் என்பதற்காக மற்ற இருபத்தைந்து பேரைச் சும்மா உட்கார வைக்காதீர்கள். பயிற்சியை மன்ற நேரத்துக்கு வெளியே வையுங்கள்.

11. பணம்

பிள்ளைகளிடம் வசூலிக்காதீர்கள், ஐந்து ரூபாய்கூட. சிலரால் கொடுக்க முடியாது, முடியாதவர்கள் காரணம் சொல்லாமல் நின்றுவிடுவார்கள். தேவை இருந்தால் தலைமையாசிரியர் வழியாகப் பள்ளி மேலாண்மைக் குழுவில் கேளுங்கள். பணமாகக் கேட்பதைவிட இருபது சார்ட், இரண்டு பாக்கெட் ஸ்கெட்ச் பேனா என்று பொருளாகக் கேட்டால் உடனே கிடைக்கும். உங்கள் கைக்காசைப் போட்டாலும் நோட்டில் எழுதுங்கள். இல்லாவிட்டால் அடுத்து வரும் ஆசிரியர் இதெல்லாம் இலவசமாக நடந்தது என்று நினைத்துக்கொள்வார்.

12. நவம்பரில் தளரும்

எல்லா மன்றமும் தளரும். முப்பது பேர் பதினாறாகக் குறைவார்கள். வராதவர்களைத் திட்டாதீர்கள், பெயரையும் அடிக்காதீர்கள். வருகை நோட்டைப் பாருங்கள். ஒரே குழுவில் மூவர் நின்றிருந்தால் அந்தக் குழுவுக்குள் ஏதோ சண்டை. ஆறாம் வகுப்பு மட்டும் நின்றிருந்தால் பெரிய பிள்ளைகள் அவர்களைத் தண்ணீர் எடுத்துவரவும் பெருக்கவும் மட்டும் வைத்திருக்கிறார்கள். எனக்கு இரண்டும் நடந்திருக்கிறது, இரண்டாவதுதான் அடிக்கடி.

அப்போது புதிய பெரிய திட்டம் எதையும் அறிவிக்காதீர்கள். ஒரே கூட்டத்தில் தொடங்கி முடிகிற சின்ன வேலை ஒன்றைக் கொடுங்கள்: விடுகதைச் சுற்று, காகிதக் காற்றாடி, பத்துக் கேள்வி வினாடி வினா. கேள்விகளைப் பிள்ளைகளே எழுத வேண்டும், ஆசிரியர்களும் போட்டியில் உட்கார வேண்டும். ஆசிரியர் தோற்ற செய்தி அடுத்த இடைவேளைக்குள் பள்ளி முழுக்கப் பரவிவிடும். அடுத்த கூட்டத்துக்கு ஆள் வருவார்கள்.

13. பிப்ரவரி கடைசியில் ஒப்படைப்பு

மார்ச் வந்துவிட்டால் நேரம் கிடைக்காது. பிப்ரவரிக் கடைசிக் கூட்டத்தில் ஒன்பதாம் வகுப்புச் செயலர், எட்டாம் வகுப்புத் துணைச் செயலரிடம் மூன்று நோட்டையும் சாவியையும் எல்லோர் முன்னிலையிலும் கொடுக்க வேண்டும். பெட்டியைத் திறந்து சாமானை எண்ணி, குறிப்பு நோட்டில் எழுதி, இருவரும் கையெழுத்துப் போட வேண்டும்.

அதே பக்கத்தின் கீழே பழைய செயலர் மூன்று வரி எழுதட்டும்: எது நன்றாக வந்தது, எது வரவில்லை, எதை வாங்க வேண்டும். போன ஆண்டு எழுதியது இது: "நிழல் அளக்குறப்ப கேரம் போர்ட பி.இ.டி. சார்கிட்ட முன்னாடியே கேட்டு வைக்கணும். ஸ்கெட்ச் பேனா கறுப்பு மட்டும் தீந்துருச்சு. சாவி ரெண்டு இருக்கு, ஒண்ணு மிஸ் பர்ஸ்ல."